கடப்பா கல் கிரானைட் இல்லை

ராஜபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் சுகத்துக்காக மடவார் வளாகம் வைத்தியநாதரை அம்மா வெள்ளிதோறும் போய்த் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறாள். டேராடூனில் வெயில் எப்படி என்று போனில் கேட்கலாம்தான், ஆனால் ஒன்றரை மாதமாக நான் எடுத்தாலே ‘அம்மாட்ட குடுங்க’ என்கிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. இமயமலையில் உன் ஸ்பிதி பயணத்துக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு உன் காலேஜ் அனுப்பிய படிவத்தில் ‘சம்மதமில்லை’ என்று எழுதி அனுப்பினேன் இல்லையா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தப் பதினெட்டு நாள் மலையில் பாறை ஆய்வு செய்யாவிட்டால் உனக்கு ஒரு வருஷம் வீண் என்று தெரிந்தேதான் எழுதினேன். பஸ் மேல் பாறை உருளும் வீடியோ ஒன்றை யாரோ அனுப்பியிருந்தார்கள், பார்த்த சூட்டோடு பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ புதுப் படிவம் அனுப்பி, கூடவே ‘கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வேண்டாம் என்கிறீர்கள்’ என்று செய்தியும் போட்டாய். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. டிப்ளமோ படித்து இருபது வருஷமாக மில்லில் மெஷின் பார்க்கிறவனுக்கு, கிடக்கிற கல்லைத் தெரியாதா என்ன. இருபத்தொரு வயதில் உன்னைப் பெற்றவன் நான், உன் அட்மிஷனுக்கு வந்தபோது அண்ணனா என்றுதான் கேட்டார்கள், எனக்கு இன்னும் படிக்கிற வயசுதான். அன்றைக்கே ஆன்லைனில் தேடி, பூமி அறிவியல் அறிமுகம் என்று ஒரு பன்னிரண்டு வாரப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். படிக்க அல்ல, உன்னைப் பேச்சில் மடக்க. மலைச்சரிவு பாடம் எந்த வாரம் வருகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். பேராசிரியர் ரொம்ப நிதானமாகப் பேசுகிறார், நான் இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன், முதல் பரீட்சையில் பத்துக்கு மூன்று. அம்மா மார்க்கைப் பார்த்துவிட்டு, இதே மார்க்கை மக வாங்கியிருந்தா வீட்டுல எம்புட்டு சத்தம் கேட்டிருக்கும் என்றாள். அன்றிலிருந்து வீடியோ வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

நான்காம் வாரம், வீட்டைச் சுற்றி நான்கு கல் எடுத்து என்ன வகை என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சஞ்சீவி மலை அடிவாரத்தில் ஒன்று, அய்யனார் கோயில் ஆற்றில் ஒன்று எடுத்தேன். மூன்றாவதுக்கு அம்மாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் வரை போனேன், சுண்ணாம்புக் கல்லுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கல்லு பொறுக்க வெளியூர் கூட்டிட்டுப் போன மகராசன் நீங்க ஒருத்தருதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள், ஆனால் பளபளப்பான கல்லாகப் பார்த்து அவளே பொறுக்கினாள், திரும்பும்போது பரோட்டா சாப்பிட்டோம், நல்ல நாள். நான்காவது கல்லுக்கு எங்கும் போகவில்லை. நம் சமையல் மேடை கடப்பா கல், மிச்சத் துண்டு ஒன்று கொல்லையில் கிடந்தது, போட்டோ எடுத்துக் கறுப்பு கிரானைட் என்று எழுதிப் படிப்பில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பார்க்கும் பொதுப்பக்கத்தில் போட்டேன். உன் வயசு இருக்கும், எவளோ ஒரு பெண், இது சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் விட்டுப் பாருங்கள் என்று ஒரே வரி எழுதினாள். ஆலங்குளம் கல் வெள்ளை, இது கறுப்பு, என்ன பேச்சு இது என்று கடுப்பாகி, துண்டுக் கல்லை எடுத்து வரக்கூடப் பொறுமையில்லாமல் பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டுபோய் நேராக மேடையிலேயே ஊற்றினேன். தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு விடவேண்டும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்களாம், அந்தப் பகுதியை நான் தள்ளிவிட்டிருந்தேன். புசுபுசுவென்று நுரைத்தது, அவள் சொன்ன சுண்ணாம்புக் கல்லேதான். துடைத்துப் பார்த்தால் தோசைக்கல் அகலத்துக்கு வெளுத்துக் கிடக்கிறது. நீ செய்யும்போது கலந்து செய், கண்ணாடி போடு, ஜன்னலைத் திற, எனக்கு அன்று முழுக்க இருமல்.

அம்மா வந்து பார்த்தாள். உனக்குத் தெரியும், அந்த மேடையில் எலுமிச்சம்பழச் சாறு பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், பிழிந்த கையோடு துடைக்கத் தெரியவில்லை என்று எட்டு வருஷமாக அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். புளிப்பு பட்டால் அந்தக் கல் கரையும், அது கல்லின் குணம், அவள் குற்றம் இல்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், தப்பு என்னுதுதான் என்று. அவள் அதற்கெல்லாம் குளிரவில்லை. கல்லத் தெரியாம என்னத் திட்டுனீக, மலையத் தெரியாம அவளத் தடுக்கீக, ரெண்டும் ஒரே படிப்புதான என்றாள்.

அந்த வாரமே என்னோடு பள்ளியில் படித்த தங்கச்சாமி சுந்தரபாண்டியத்துக்கு லீவில் வந்திருந்தான், ராணுவத்தில் டிரைவர், ஸ்பிதிப் பக்கத்து மலை ரோட்டில் மூன்று வருஷம் வண்டி ஓட்டியவன். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று போனேன். ஏலே, எந்த மலைச்சரிவு எப்ப இறங்கும்னு எங்களுக்குப் பாத்துச் சொல்றதே இந்தக் கல்லுப் படிச்ச ஆளுகதான், அவிய வேண்டாம்னு சொன்ன எடத்துல செத்த நேரம் வண்டிய நிப்பாட்டக்கூட மாட்டோம், நீ என்னன்னா அவளையே போகாதங்கியே என்று சிரிக்கிறான். மலைச்சரிவு பாடத்தை மூன்று தரம் பார்த்தேன், சாதாரண வேகத்தில். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எந்தச் சரிவில் தண்ணீர் இறங்குகிறது, எந்த அடுக்கு ரோட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்று கேட்கத் தெரிகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்பிதியில் அத்தனை உயரத்தில் கடல் சிப்பியின் தடம் கிடைக்கும் என்று பேராசிரியர் ஒரு கல்லைக் காட்டியபோது வீடியோவை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். மேலே இருப்பது ஒரு காலத்தில் கடலடி. இரண்டு பேரும் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், சாம்பார் அடிப்பிடித்தது.

மற்றபடி சப்பட்டை மாம்பழம் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, உனக்கு அனுப்பினால் வழியில் அழுகும், பிஞ்சாக இருந்தபோதே பறித்து ஊறவைத்த வடுவை அம்மா பார்சல் போட்டிருக்கிறாள். மேடையை மாற்றலாம் என்றேன், வேண்டாமாம், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டவேண்டுமாம். இப்போது மார்க் ஏழு, பத்து அல்ல, கேட்காதே. மலையில் சொன்ன நேரத்துக்கு மேல் நிற்காதே, மழை பிடித்தால் கல்லாவது மண்ணாவது என்று இறங்கிவிடு. ஏறுமுன் வண்டியின் நாலு டயரையும் பார், வழவழப்பாக இருந்தால் ஏறாதே, யார் முறைத்தாலும் சரி. நல்லா இரு, நெனச்சது நடக்கும். புதுப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், ஜூன் ஐந்துக்குள் ஆபீசில் கொடுக்க மறக்காதே. அதில் பெற்றோரில் ஒருவர் கையெழுத்து என்றுதான் இருக்கிறது, நான் போட்டுவிட்டு மடித்தேன். அம்மா பிடுங்கி விரித்து, என் பெயருக்குக் கீழே அவளும் போட்டாள். ஒன்று போதுமே என்றேன். வேண்டாம்னு நீங்க ஒத்தையில எழுதுனீக, சரிங்கிறத ரெண்டு பேருமா எழுதுவோம் என்றாள்.

இவ்வளவுதான்,
உன் அப்பா,
மாரிசெல்வம்