துவாதசிப் பலகை

மார்கழி 9, புதன்

பனி. எதிர்வீட்டு வண்டியின் சீட்டில் விரலால் பேர் எழுதலாம், அம்புட்டு ஈரம். நாலரைக்கு எழுந்து குளியல், கோலம், விளக்கு. ஐந்தேகாலுக்குப் பிள்ளையார் கோயில் கரும்பலகையில் எழுத்து, ஸ்பீக்கரில் பாட்டு, இரண்டும் என் வேலை.

பலகை நோட்டில் ஏற்றியது:

இன்று: நம் தெருவில் கீரை விற்கும் மூக்கம்மா முதன்முதலாகக் கூடையோடு இங்கே வந்த நாள். (தன் மகன் பிறந்து நாற்பதாம் நாள் வந்தாளாம். மகன் பிறந்த தேதியை வைத்து நானே கண்டுபிடித்தது.)

வாக்கு: "எழுப்பி விடுறதும் ஒரு வேலதான்." பால்காரர்.

பாட்டு: பிள்ளையார் பாட்டு ஒன்று, நாகஸ்வரம் இரண்டு.

நின்று படித்தவர்கள் 14. மூக்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன். "எம் பேரா? எங்க, தொட்டுக் காட்டு" என்றாள். தொட்டுக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏழு மணிக்குப் பூ வாங்கப் போனால் பலகை துடைத்துக் கிடக்கிறது. ராமலிங்கம் சார் துண்டை உதறிக்கொண்டு நிற்கிறார். கோயில் கமிட்டிச் செயலாளர். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடியிருக்கும் மாடிக்கும் அவர்தான் சொந்தக்காரர். வாயைத் திறக்கவா முடியும்.

"லட்சுமி, இதெல்லாம் சரித்திரமாம்மா?"

"நம்ம தெருவோட சரித்திரம் சார்."

"சரித்திரம்னா பெரிய ஆளுக பொறந்தது, செத்தது, சண்டை போட்டது. கீரைக்காரி கதைய எவன் படிப்பான்? இனிமே நான் போன்ல அனுப்புறேன். அதப் பாத்து எழுது. உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு."

"சரி சார்" என்றேன். சரி என்று சொன்ன வாயைக் கழுவவேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆறு மார்கழியாக நூலகத்தில் உட்கார்ந்து, நாட்காட்டி கிழித்து, கேட்டு, சரிபார்த்து எழுதுகிறேன். ஒரு நாள் எழுதியது மறு வருஷம் வரக்கூடாது என்று நோட்டு வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் நல்லதாம்.

கீரைக்காரி மகள்தான் நானும். அவருக்குத் தெரியாது.

மார்கழி 11, வெள்ளி

சாம்பிராணி தீர்ந்துவிட்டது. தேங்காய் இரண்டு, ஒன்று அழுகல்.

சார் அனுப்பியதை நேற்று எழுதினேன்: ஒரு ராஜா பிறந்த நாள். இன்று அனுப்பியது: அதே ராஜா பிறந்த நாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே அவர் வீட்டுக்குப் போனேன்.

"சார், நேத்தும் பொறந்துட்டாரு, இன்னைக்கும் பொறக்குறாரு."

"ஃபார்வர்டும்மா அது. ஆயிரம் பேரு பாத்திருப்பான். தப்பா இருந்தா எவனாவது சொல்லிருக்க மாட்டானா?"

நான்தான் சொல்கிறேனே. நான் எவனும் இல்லை போலும்.

அதோடு விட்டாரா. "கடைசி வரியில, தொகுப்புன்னு போட்டு எம் பேரு எழுதிரு." எழுதினேன். அந்த ராஜாவின் இரண்டாம் பிறப்பும் அவர் தொகுப்பே.

பாட்டும் போயிற்று. அவர் பேரன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது ஓடுகிறது. கல்யாண வீட்டு ஆட்டப் பாட்டு மெட்டில் முருகன். குழாய் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேரே. சாமி கும்பிடும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது. அந்தக் கோபம் வேறு.

பனியில் எழுத்து கரைந்து ஒழுகுகிறது. பெயிண்ட் கடை அண்ணன் சொன்னது: சாக்பீஸை ராத்திரி சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒட்டிப் பிடிக்குமாம். பார்க்கவேண்டும்.

நின்று படித்தவர்கள் 3. அதில் ஒருவர் செருப்பு மாட்ட நின்றவர்.

மார்கழி 12, சனி

அம்மாவுக்குப் போன். மேலூர் தாண்டி ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். வா என்றால், "ஒம் மாடிப்படி எனக்கு ஆகாது" என்பாள்.

"ஏத்தா, பெருமாள் கோயிலுக்குள்ள போனமே, அது என்னைக்கு?"

"எதுக்குடி இப்ப?"

"சும்மா சொல்லு."

"தேதியெல்லாம் யாரு கண்டா. துவாதசி. அகத்திக்கீரை கொண்டுபோன அன்னைக்கு."

போனை வைத்தபிறகு முழுதாக எழுதி வைக்கிறேன். இதுவரை எழுதியதில்லை.

எனக்கு ஒன்பது வயது. மார்கழியில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. எங்கள் காலனி சனம் புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கவேண்டும். மரம் தாண்டக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசி காலையில் அகத்திக்கீரை சாப்பிட்டுத்தான் விரதம் முடிக்கவேண்டும். நேரம் தவறக்கூடாது. அந்த ஊரில் அகத்தி இருந்தது எங்கள் கொல்லையில் மட்டும். வருஷா வருஷம் அம்மா பறித்துப் போய் மரத்தடியில் வைப்பாள், அவர்கள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் அம்மா மரத்தடியில் நிற்கவில்லை. கைப்பிடியில் நான், இடுப்பில் கீரைக்கட்டு. நேரே மண்டபத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கீரையை மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு பாதியில் டக்கென்று நின்றது. எனக்கு மூத்திரம் முட்டியது. அது நன்றாக நினைவிருக்கிறது.

ஒருவர் சொன்னார்: "கீரைய வச்சுட்டு எந்திரிச்சுப் போ."

அம்மா: "பாட்டு முடியட்டும் சாமி."

"பாட்டத்தான் நிப்பாட்டியாச்சே!"

"அப்பப் போடுங்க."

வெயில் ஏறியது. விரதம் இருந்த கிழவர்கள் நாக்கு வறண்டு நிற்கிறார்கள். வேறு கீரை இல்லை. ஒரு பாட்டியம்மா கத்தினாள்: "எம் உசுரு போகுதுடா, எவளோ இருந்துட்டுப் போறா, அந்தப் பாட்டப் போட்டுத் தொலைங்கடா!" போட்டார்கள். முழுதும் கேட்டுவிட்டுத்தான் அம்மா எழுந்தாள். கீரையைத் தரையில் வைக்கவில்லை, அந்தப் பாட்டியம்மா கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள்.

எந்தப் புத்தகத்திலும் இல்லை இது. நாட்காட்டித் தாளிலும் இல்லை. இந்த வருஷம் துவாதசி புதன்கிழமை. எழுதப் போகிறேன்.

மார்கழி 13, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஒனக்குப் புத்தி இருக்கா?"

"என்ன தப்பு?"

"எத்தன வீடு ஏறி எறங்குனோம். எந்த ஊரு, ஊருல எந்தத் தெருன்னு கேட்டுக் கேட்டு அனுப்புனானுக. மேலூரு டவுனுன்னு பொய் சொல்லித்தான் இந்த மாடி கெடச்சது. பதினாறு வருசமா இருக்கோம் புள்ள. அதப் போயி பலகைல எழுதுவியா?"

"பொய் சொன்னது நீங்க. நான் சொல்லல."

"அந்த வீட்டுலதான நீயும் இருந்த!"

அது உண்மை. அதுதான் எரிகிறது. பதினாறு வருஷம் அம்மாவை இந்த வீட்டுக்கு இரண்டு தடவைதான் கூட்டி வந்தேன். மாடிப்படி ஆகாது என்று அவள் சொல்வதை நம்பிக்கொண்டேன். சார் வீட்டில் அவளிடம் ஊரைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தது நான்தான். இவர்மேல் பழி போட்டு என்ன.

மத்தியானம் துணி துவைத்தேன். சோப்பு பாதியில் உடைந்தது. அடித்த அடி அப்படி.

மார்கழி 14, திங்கள்

கீழ்வீட்டுச் சரோஜா அக்கா, சார் சம்சாரம், படியில் நின்று குரல் கொடுத்தார். "லட்சுமி, நாளைக்கு ஏகாதசிடி. வழக்கம்போல அகத்திக்கீரை நீதான். நீ பாத்து வாங்குனாத்தான் பழுப்பு இல்லாம இருக்கும்."

"சரிக்கா."

வருஷா வருஷம் நான்தான் வாங்கித் தருகிறேன். இன்றுதான் உறைத்தது. அம்மாவுக்கு மரத்தடி, எனக்கு மாடிப்படி.

பயத்தோடு எழுதக்கூடாது, கேட்டே எழுதலாம் என்று சாரிடம் போனேன். ஊர்ப் பேச்சை எடுக்காமல், "புதன்கிழமை மட்டும் ஒரு வரி எனக்கு வேணும் சார். ஒரு ஊருக் கோயில்ல நடந்தது."

"புதன் நியூ இயர் வாழ்த்து."

"நியூ இயர் வியாழக்கிழம சார்."

"முந்துன நாளே போட்டாத்தான் எடுப்பா இருக்கும். சரி, என்ன தேதி அது? என்ன வருசம்? ஆதாரம் இருக்கா?"

"துவாதசி அன்னைக்கு சார்."

"துவாதசி ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு தேதில வரும். அதெல்லாம் கணக்குல வராது."

சாமிக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லுமா என்று கேட்டேன். அவரிடம் இல்லை, மாடி ஏறி வந்து அடுப்பங்கரைச் சுவரிடம்.

மார்கழி 15, செவ்வாய்

ஏகாதசி. விரதம். துளசித் தண்ணீர் மட்டும். பெருமாள் கோயிலில் கூட்டம், நசுங்கி வந்தேன். சந்நிதியில் வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. சண்டை போடத்தான் தோன்றியது. மரத்தடியில் நிறுத்தி வைத்தது உன் வாசலில்தானே என்று கேட்டேன். தீபாராதனை காட்டினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்ன செய்ய, அவனைவிட்டு எங்கே போவேன்.

மூக்கம்மாவிடம் அகத்தி நாலு கட்டு. சரோஜா அக்காவுக்கு மூன்று, எனக்கு ஒன்று.

சாக்பீஸ் நாலு, சர்க்கரைத் தண்ணீரில். ஒன்றை எடுத்து அம்மிக்கல்லில் எழுதிப் பார்த்தேன். ஈரக்கையால் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. பனிக்கு நிற்கும்.

கீரையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நினைப்பு. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அடிப் பாவி, விரதக்காரியப் பட்டினி போடாத. மொதல்ல கீரையக் குடுத்துரு."

"நீ மட்டும் வச்சிருந்தியே?"

"எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு? ஒங்கிட்டத்தான் எழுத்து இருக்குல்ல."

இவர் பட்டறைக்குச் சாப்பிடாமல் போனார்.

மார்கழி 16, புதன். துவாதசி

நல்ல பனி. ஐந்து மணிக்குக் கீரை மூன்று கட்டும் சரோஜா அக்கா கையில். பிறகு பலகை. சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய சாக்பீஸால் எழுதினேன்.

இன்று: துவாதசி. மேலூருக்கு அப்பால் ஓர் ஊரில், மரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட எங்கள் சனம் பெருமாள் கோயிலுக்குள் முதன்முதலாக உட்கார்ந்து பாட்டுக் கேட்ட நாள். உட்கார்ந்தவர் கருப்பாயி, என் அம்மா.

வாக்கு: "பாட்டு முடியட்டும்." கருப்பாயி.

பாட்டு: அன்று பாதியில் நின்ற அதே பாட்டு. முழுதாக.

தொகுப்பு: லட்சுமி.

பென் டிரைவைப் பிடுங்கி வைத்துவிட்டு என் போனை ஸ்பீக்கர் செட்டில் சொருகி அந்தப் பாட்டைப் போட்டேன். மூக்கம்மா வந்தாள், படித்துக் காட்டினேன். நின்று படித்தவர்கள் 9, அதற்குள் சார்.

படித்தார். இரண்டு தடவை. "மேலூரு டவுனுன்னுல்ல சொன்னீங்க?"

"அது பொய் சார்."

"கோயில் பலகைல சாதிய இழுக்குற."

"சாதின்னு எங்க எழுதியிருக்கேன்? தொட்டுக் காட்டுங்க சார்."

தொடவில்லை. குழாயடி வாளியில் துண்டை முக்கி எடுத்து, மேலிருந்து கீழாக மூன்று இழுப்பு. பலகை கருகருவென்று ஆகிவிட்டது. பாட்டை நிறுத்த ஸ்விட்சைத் தேடினார். நான் அதன் முன்னால் நின்றேன். ஆறு மார்கழியில் முதல் தடவையாகச் சத்தம் போட்டேன்.

"பாட்டு முடியட்டும் சார்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சரோஜா அக்கா வாசலில், கையில் கீரைக் கிண்ணம், வாயில் கவளம். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

சார் கையை எடுத்துவிட்டார். "பலகை காயட்டும், வாழ்த்து நானே எழுதிக்கிறேன். சாயங்காலம் ஒம் புருசன வரச் சொல்லு. வீடு விசயமாப் பேசணும்." போய்விட்டார்.

பாட்டு முடிந்தது. பக்கத்துச் சந்து வழியாக வெயில் வந்து பலகையில் விழுந்தது. நான் வாளியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மூக்கம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏத்தா! ஏத்தா! திரும்ப வருதுத்தா!"

காயக் காய எழுத்து வெளுத்து எழும்பியது. முதலில் இன்று. பிறகு பெருமாள். பிறகு கருப்பாயி. சார் வந்து மறுபடி துடைத்தார். ஈரத்தில் மறைந்தது, காய்ந்ததும் வந்தது. மூன்றாம் தடவை வரவில்லை அவர்.

நின்று படித்தவர்கள் 41. அதற்குமேல் எண்ணவில்லை.

சாயங்காலம் இவர் கீழே போய்விட்டு வந்தார். தை கடைசிக்குள் காலி செய்யணுமாம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"திட்டணும்னா திட்டிருங்க" என்றேன்.

"பட்டறைலருந்து வாரப்ப கோயில் பக்கமாத்தான் வந்தேன். லைட்டு வெளிச்சத்துல இன்னும் தெரியுது." காலைக் கழுவிவிட்டு வந்து, "அடுத்து பாக்குற வீடு தரைவீடா இருக்கட்டும். ஒங்க அம்மா படி ஏறாது."

காலையில் விரதம் முடிக்கக் கிள்ளியது போக என் கட்டில் மீதிக் கீரை இருந்தது, வதக்கி இருவரும் சாப்பிட்டோம். கசப்பு.

சாக்பீஸ் நாலு ஊறப் போட்டாச்சு.