தட்டிவிட்ட சோறு

நீ இருந்திருந்தால் இன்று மதியம் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மண்டையாவது உடைந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் இடக்கை இலைக்குப் போவதையும் வாய்க்கு வருவதையும் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் கடைக்காரப் பையன்கள் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்கள். அந்த நெடி சாம்பார் வாசத்தோடு கலந்து மூக்கில் ஏறியதும் கை இலையிலேயே நின்றுவிட்டது. நம் வார்டின் வாசம் அது. உன் குரலும் கேட்டது, வசையாகத்தான்.

பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். மூளைக்காய்ச்சல் வந்து, வலப்பக்கம் முழுக்க மரத்துப்போனவனாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் நீ. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சர்க்கரை வியாதியில் புண் புரையோடி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். மரக்கால் வந்த அன்றே அதைக் கழற்றி ஜன்னலில் எறிந்தாய், கண்ணாடி நொறுங்கியது. மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு பயிற்சி அறையில் கம்பிகளுக்கு நடுவே விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாய். எழுந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் விழுந்தாய். உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

நானும் சளைத்தவனில்லை. பயிற்சி கொடுத்த சீன நர்ஸ், அந்த மிஸ்ஸி, என் மடங்கிய விரல்களைப் பிடித்து நிமிர்த்தும்போது வார்டே அதிரக் கத்துவேன். அவளைக் கடிக்கப் பாய்ந்த அன்று இரண்டு ஆட்கள் என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவள் விடவில்லை. காலுக்கு மெல்ல உயிர் வந்தது, கைக்கு வரவேயில்லை. இனி எல்லாவற்றுக்கும் இடக்கைதான், அந்தக் கையால் நானே சாப்பிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கழுவுகிற கையால் சோறா? அதற்கு வார்டிலேயே கிடந்து சாகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மாவோ ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பீச்சாங்கையால தின்னுதான் என் புள்ள பொழைக்கணுமா? நான் இருக்கிற வரைக்கும் ஊட்டி விடுறேன்."

பார்வை நேரத்தில் அடுக்குப் பாத்திரத்தோடு வந்து, உருண்டை பிடித்து ஊட்டுவாள். கல்யாண வயதில் இருந்தவன் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வேன். மற்ற வேளைகளில் பட்டினிதான்.

அன்றும் அப்படி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்த நீ, அம்மாவின் கையை ஓங்கித் தட்டினாய். சோறு சுவரெல்லாம் தெறித்தது.

"நீங்க செத்தப்புறம் இவன் வாயில யாரு வைப்பா? சொல்லுங்க! யாரு வைப்பா?"

அம்மாவின் மணிக்கட்டு சிவந்திருந்தது. அவள் அழுத சத்தம் கேட்டதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உன் வாயிலேயே ஒரு குத்து விட்டேன். ஊன்றுகோல் ஒருபக்கம் போய் விழுந்தது, நீ ஒருபக்கம் விழுந்தாய். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் கொட்டியது. நீ சிரித்தாய், பாவி.

"எந்தக் கையால அடிச்ச, பாருடா. அடிக்க மட்டும் அந்தக் கை ஆகும், சோத்துக்கு ஆகாதோ? தின்னுடா!"

ஆட்கள் ஓடிவந்து உன்னை உன் கட்டிலுக்கு இழுத்துப் போனார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாத்திரத்தில் மிச்சமிருந்த சோற்றில் அதே கையை விட்டு, உன்னையே முறைத்துக்கொண்டு, வாயில் திணித்தேன். பாதி மார்பில் கொட்டியது. உன்னைப் பழிவாங்குவதாகத்தான் எனக்கு நினைப்பு. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் இரண்டு பாத்திரங்களோடு வந்தாள். ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மற்றதை உன் கட்டிலில் ணங்கென்று போட்டாள்.

"தின்னு தொலை, கட்டையில போறவனே."

நான் வீட்டுக்கு வந்து, மறுபடி பஸ் வேலைக்கு ஏறிய பிறகும் நீ விடவில்லை. இடக்கையால் டிக்கெட் கொடுத்தேன் என்று ஒருவன் அதை என் முகத்தில் விசிறினான். பின் சீட்டில் இருந்த நீ ஊன்றுகோலை அவன் கழுத்தில் போட்டு அழுத்தினாய்.

"கீழ கிடக்குல்ல, எடு. அவன்கிட்ட கொடுத்துட்டு மறுபடி வாங்கிக்க, லா."

அவன் குனிந்து எடுத்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

இத்தனை செய்தவன், மற்ற காலும் கறுத்தபோது ஏன் என்னிடம் மறைத்தாய்? ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் எல்லோரையும் அடிக்க ஓங்கினாயாம். நான் வந்திருந்தால் உன்னைக் குத்தித் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். அரிசியை இடக்கையில் அள்ளியதும் உன் சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தக் கையால வேணாம்ப்பா. அவன் நல்லபடியா போகட்டும்."

என் செத்த வலக்கையை அவரே தூக்கி, விரல்களுக்குள் அரிசியைத் திணித்தார். அது நிற்காமல் கொட்டியது. நான் அவரைத் தோளால் இடித்துத் தள்ளினேன். கூட்டம் என்மேல் பாய்ந்தது, யாரோ முதுகில் அடித்தார்கள். அரிசி அள்ளிய இடக்கையை மட்டும் மூடியே வைத்திருந்தேன். முட்டிமோதி உன் தலைமாட்டுக்கு வந்து, கிழிந்த தழும்போடு இருந்த உன் உதட்டில் அந்த அரிசியை வைத்தேன்.

தட்டிவிடுவாய் என்று ஒரு நொடி காத்திருந்தேன்.