நிர்மலாவை அழிக்கிற போன்

என் ஆசைத் தவம்,

வருகிற வெள்ளிக்கிழமை உன் ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருசம் என்று சொன்னால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. உன் மனுசன் பந்தலுக்குத் தடி வெட்டி முற்றத்தில் குவித்திருக்கிறார். உன் மல்லிகை போன கிழமை பூத்தது. அதற்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன், வேறு யாரையும் கிட்ட விடுவதில்லை.

இப்போது நான் எழுதப்போவது ஒரு போன் கதை. சிரிக்காதே. நான் புதுப் போன் வாங்கப் போனேன். என்ன வசதி வந்தாலும் அரிசியா வேகப்போகிறது என்று ஊருக்கே நியாயம் சொன்ன நானேதான்.

தொடங்கி வைத்தது உன் மனுசன். நடுவேலியில் நாம் இரண்டு பேரும் ஆள் நுழைய வெட்டி வைத்த பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, திவசத்துக்கு மாலை போட்டு வைக்க உன்னுடைய நல்ல படம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். செத்தவீட்டுக்கும், முப்பத்தோராம் நாள் உன் நினைவாகக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்துக்கும் உன் அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள். அதில் நீ களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி முழிக்கிறாய். முந்திய படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே பையில்தான் கிடந்தன. அதற்குப் பிறகு கமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடுகிறவள் நீ.

நல்ல படம் ஒன்று இருக்கிறது. என் போனில்தான் இருக்கிறது. அதில் நீ வாய் திறந்து, கண் சுருங்கி, பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறாய். ஆனால் உன் வலது கை முன்பள்ளி ரீச்சர் நிர்மலாவின் தோளில் கிடக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா? மார்கழி மழைக்கு இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்துவிட்டார்கள் என்று உருத்திரபுரமே பார்க்கப் போன நாள். நான் உன் மனுசனின் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் சனத்தோடு குலுங்கி வந்தேன். நீ நிர்மலாவின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வந்து இறங்கினாய். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு வரமாட்டாயா? கேட்கவில்லை, விழுங்கிக்கொண்டேன். பிறகு நீங்கள் இரண்டு பேரும் காதுக்குள் ஏதோ கதைத்தீர்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினீர்கள். படம் எடு என்று நீயே கையைக் காட்டினாய். எடுத்தேன்.

அந்தச் சிரிப்பு உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஏதோ பகிடிக்கு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருசம் பொட்டுக்குள்ளால் உப்பும் புளியும் மாற்றினோம். முகாமில் ஒரு பாணை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். நேற்று முன்பள்ளிக்குப் படிப்பிக்க வந்த ஒருத்தியின் தோளில் உன் கை எப்படி ஏறியது? எரிச்சல் என்றால் சும்மா எரிச்சல் இல்லை, அடிவயிற்றில் கொள்ளி வைத்தமாதிரி.

அதைவிடப் பெரிய எரிச்சலும் இருக்கிறது. உன் கிட்னி வருத்தம் எனக்கு முதல் அவளுக்குத் தெரியும். தை பிறந்து ஊரெல்லாம் கதைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் மூன்று மாதமாக உன்னைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்கியிருக்கிறாள். அந்தக் கோபத்தில் இரண்டு தென்னோலைக் கிடுகை எடுத்து நம் பொட்டை அடைத்தேன். ஒன்பது நாள் அடைத்து வைத்திருந்தேன். பத்தாம் நாள் நீ வீங்கின காலோடு ரோட்டால் சுற்றி வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிளேன்ரீ கேட்டாய். ஏன் அடைத்தாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், தவம்.

சரி, படத்துக்கு வருகிறேன். உயிரோடிருக்கிற ஆளைச் சேர்த்து மாலை போடக்கூடாது என்று உனக்குத் தெரியும்தானே. ஆகவே நிர்மலாவை வெட்டத்தான் வேண்டும். ஊர் வழக்கமே அப்படிச் சொல்கிறது, நான் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று நீயே யோசித்துப் பார்.

ஸ்டூடியோக்காரர் வெட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. அவள் தோளோடு சேர்ந்து உன் கையும் போகிறது. கையை விட்டுவிட்டு வெட்டினால் உன் இடுப்பில் அவளுடைய நான்கு விரல் நிற்கிறது, பின்னால் கள்ளன் ஒளித்திருக்கிறமாதிரி. படத்தின் மூலையில் ஒரு கறுப்பு நிழல் வேறு. கமரா பழுதாகி இருக்கும் என்று சொன்னார். இப்போது வருகிற போன்களில் ஆளை விரலால் தொட்டு அழித்தால் பின்னால் உள்ளதைப் போனே கீறி நிரப்புமாம், உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது அப்படி ஒன்று இருக்கும் என்றார்.

இருக்கிறது. நிர்மலாவிடம். கனடாவிலிருந்து தம்பி அனுப்பினது. போய்க் கேட்டால் ஒரு நிமிட வேலை.

நான் கேட்பேனா? எதிரிக்குச் சகுனப்பிழையாக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்தவன் கதைதான். நாம்பன் கன்றை விற்றுப் போன் வாங்குவதென்று முடிவெடுத்தேன். வீட்டில் இவரிடம், போன் சார்ஜ் நிற்கவில்லை, சத்தம் கேட்கவில்லை, திரை வெடித்துவிட்டது என்று ஆயிரம் காரணம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ரப்பர் வளையம் போட்டு வயரை இழுத்துக் கட்டினால்தான் சார்ஜ் ஏறும், உனக்குத் தெரியாததா? ஆனால் அந்தக் காரணங்கள் மூன்று வருசமாக இருக்கின்றன. புதிதாக வந்த காரணம் ஒன்றுதான், அதை இவருக்குச் சொல்லவில்லை.

கிளிநொச்சி ரவுனில் போன் கடைக்காரர் நம் வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நல்ல மனுசன். இருட்டிலும் படம் எடுக்கும் என்றார். கந்தோரிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் படம் பிடித்துக் காட்ட, அது தமிழில் வாசிக்கும் என்றார். அது நல்லதுதான் என்று நினைத்தேன். உடனே அவரே, அந்த வேலையை என் பழைய போனும் செய்யும், இடம் நிரம்பிக் கிடக்கிற காலை வணக்கப் படங்களை அழித்தால் போதும் என்று சொல்லிவிட்டார். விற்கத் தெரியாத மனுசன்.

பிறகு ஒன்று சொன்னார், அதுதான் என்னைக் குழப்பிவிட்டது. "அவசரமில்லையெண்டால் கொஞ்சம் பொறுங்கோ அக்கா. இனி வாறதில படம் அசையுமாம், கதைக்குமாம். செத்த ஆக்களின்ர படத்தைக் குடுத்தாலும் கதைக்குமாம்."

தவம், உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் ஆசை வரவில்லை, பயம்தான் வந்தது. உன் படம் வாய் திறந்தால் முதலில் யாருடைய பெயரைச் சொல்லும்? நான் காசு கொடுத்து வாங்கின போனில், என் கையில் இருந்துகொண்டு, நீ "நிர்மலா" என்று கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்?

அது வேண்டாம், இப்போது இருக்கிறதிலேயே ஆளை அழித்துக் காட்டுங்கோ என்றேன். படத்தைத் தன் புதுப் போனுக்கு எடுத்து, நிர்மலாவைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் வான்கதவுத் தண்ணீர் பாய்கிறது. உன் இடுப்பில் இருந்த விரல்களும் இல்லை. உன் கையைப் போன் மடக்கி, சேலைக்குப் பக்கத்தில் அழகாகத் தொங்கவிட்டிருந்தது. நீ தனியாக, நேராக நின்று சிரித்தாய். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் பாவம்தான் வரும்.

திரும்ப ஒருமுறை பழையதைக் காட்டுங்கோ என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவளை இன்னொருமுறை அழிக்கிறதைப் பார்க்கும் ஆசைதான் போல. அவர் பழையதைக் கொண்டுவந்து பெரிதாக்கினார். என் போனில் திரை வெடிப்பு உன் இடுப்புக்குக் குறுக்காகத்தான் போகிறது, அதனால் நான் ஒருநாளும் தெளிவாகக் காணாததை அங்கே கண்டேன். அந்த விரல்கள் சும்மா கிடக்கவில்லை. உன் சேலையை முறுக்கிப் பிடித்திருந்தன. நிர்மலாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கமராவைப் பார்த்துச் சிரிக்கிறவளின் முகம் இல்லை அது, பாரம் தூக்குகிறவளின் முகம்.

கன்று விற்கவில்லை. பஸ்ஸில் ஏறி நேரே முன்பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாங்கோ என்று கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. படத்தை நீட்டி, ஏன் தவத்தை இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றாய் என்று கேட்டேன்.

"அண்டைக்குக் கிளினிக்கால நேர வந்தனாங்கள் அக்கா. அவாக்கு நிக்கேலாது, தலைச்சுத்து. உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு என்ர தோளில கையைப் போட்டவா. நான் விட்டிருந்தால் விழுந்திருப்பா."

அப்படியானால் அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டைக்காரியின் குரல் மாதிரித்தான் கேட்டது.

"அது உங்களைப் பார்த்தெல்லோ. நீங்கள் கமராவுக்கு முன்னால விரலை வைச்சுக்கொண்டு, நில்லுங்கோ நில்லுங்கோ எண்டு நிண்டனீங்கள். 'என்ர விசரி, விரலை எடடி' எண்டு கத்திக் கத்திச் சிரிச்சவா. தண்ணிச் சத்தத்தில உங்களுக்குக் கேக்கேல்லை."

மூலையில் இருக்கிற அந்தக் கறுப்பு நிழல் கமராப் பழுது இல்லை, தவம். அது என் விரல், இந்தப் பைத்தியக்காரியின் விரல். நீ பார்ப்பது அவளையும் இல்லை, கமராவையும் இல்லை. ஒரு வருசமாக உன் கையையே பார்த்துப் பார்த்து எரிந்தவள், உன் கண் எங்கே பார்க்கிறது என்று ஒருநாள் பார்த்திருக்கிறேனா?

அப்போதுதான் கதிரையில் இருந்தேன். எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது. ஆனால் நீ இல்லையே.

"உங்களிட்டச் சொல்லச் சொல்லி நான் எத்தினை தரம் கேட்டனான். வசந்தியின்ர வீட்டில மட்டும்தான் நான் வருத்தக்காரி இல்லை, அதையும் பறிக்காதை எண்டு சொல்லிப்போட்டா." நிர்மலா பாயைத் திரும்ப விரித்தாள், திரும்பச் சுருட்டினாள். "எனக்கும் எரிச்சல்தான் அக்கா. என்னோட இருந்தால் ஊசிக் கதையும் மருந்துக் கதையும்தான். சிரிக்கவேணுமெண்டால் உங்கட பொட்டுக்குள்ளால வந்திடுவா. அந்தப் படத்திலயும் பாருங்கோவன், பாரம் என்னில, பார்வை உங்களில."

அவளுக்கு என் மேல் எரிச்சலாம்! கேட்ட உடனே எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? என்னைத் திருத்த முடியாது என்று நீ சொல்வாய். உண்மைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பாரத்தில் கொஞ்சம் எனக்கும் தந்திருக்கலாம். அழுதாலும் தூக்கியிருப்பேன். ஒன்பது நாள் அந்தக் கிடுகைக் கட்டாமல் இருந்திருப்பேன்.

பிறகு திவசத்துக்கு மாலை போட இந்தப் படம்தான் இருக்கிறது என்றேன். அவள் தன் போனில், நான் கேட்காமலே, தன்னைத் தானே சுற்றி வட்டம் போட்டு அழித்தாள். பார்த்துக்கொண்டிருக்கக் கஷ்டமாக இருந்தது. கடையில் இருந்த சந்தோசத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. அன்று உன்னால் முடியாததை அந்தப் படத்தில் செய்கிறாய், தனியாக நிற்கிறாய்.

"மூலையில இந்த நிழலையும் அழிக்கட்டோ அக்கா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே வெள்ளிக்கிழமை உனக்கு மாலை விழும்போது, மூலையில் என் விரலும் சேர்ந்து இருக்கும். உயிரோடிருக்கிற ஆள் அந்தப் படத்தில் இருக்கக்கூடாது என்று தெரிந்துதான் செய்கிறேன். நிர்மலாவை அழித்தாகிவிட்டது, நான் மட்டும் உன்னோடு நிற்கிறேன். அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும். மன்னித்துவிடு.

போன் மாற்றவில்லை. காலை வணக்கப் படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன், இடம் வந்துவிட்டது. ரப்பர் வளையம் மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறேன். படம் கதைக்கிற போன் வந்தால் வரட்டும். நீ சொன்னது எனக்குக் கிடைத்துவிட்டது, கொஞ்சம் பிந்தித்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தப் போனில் இருக்கிற படத்தில் யாரையும் அழிக்கமாட்டேன். அவளுடைய கை உன் இடுப்பில் இருக்கட்டும். இந்தப் போன் செத்து, நான் வேறு வாங்கினாலும் அப்படியே மாற்றிக் கொண்டுபோவேன். பார்க்கிற நேரம் எல்லாம் அந்த நான்கு விரலைக் கண்டு எனக்கு எரியும். எரியட்டும், நீ கண்டுகொள்ளாதே. நம் பொட்டையும் இனி அடைக்கமாட்டேன். நேற்றுப் பின்னேரம் நிர்மலா அதற்குள்ளால்தான் குனிந்து வந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனாள். அவளுக்குச் சீனி குறைத்துத்தான் போட்டேன்.

வேலிக்கு இந்தப் பக்கத்து உன் சகோதரி,
விரலை எடுக்கத் தெரியாத விசரி,
வசந்தி