மலையை நேராக வெட்டிய அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

அங்கே மூச்சு வாங்காமல் இருக்கிறீர்களா? கடைசி நாட்களில் கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதற்குள் திணறிப்போவீர்கள். அப்போதும் பார்க்க வந்தவர்களிடம் அந்த மலைக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. இன்று அந்தக் கதையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவாக ஏதாவது வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் என்றுதான் நினைக்கிறேன்.

புனேயில் நீங்கள் வாங்கிய வானவடி வீட்டை விற்றுவிட்டோம். அம்மா என்னோடு ஊரின் இன்னொரு கோடியில், வாகட்டில் இருக்கிறாள். மாடி உயரம், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நீங்கள் போட்ட ரோட்டின் போட்டோ இங்கேயும் ஹாலில்தான் தொங்குகிறது. இமயமலையில், கார்வால் பக்கம் மலையை ஒட்டி வளைந்து போகிற ரோடு, ஓரத்தில் தொப்பியோடு நீங்கள்.

கதை எனக்கு மனப்பாடம். மலையைப் படிப்படியாக வெட்டிச் சரிவாக்கிவிட்டுத்தான் கீழே ரோடு போட வேண்டும், இல்லாவிட்டால் என்றைக்காவது சரியும் என்று உங்களோடு இருந்த மற்ற இன்ஜினியர் சொன்னார். அப்படிச் செய்தால் இன்னொரு வருஷம் ஆகும். நீங்கள் சுவர் மாதிரி நேராக வெட்டி, பனி விழுவதற்குள் முடித்துவிட்டீர்கள். "அவன் ரூல்ஸ் புக்க வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தான். நான் ரோட்டப் போட்டுட்டு வந்துட்டேம்லா" என்பீர்கள். சரிந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால், "அது சரியும்போது நான் எங்க இருக்கப் போறேன்?" என்பீர்கள். வீடே சிரிக்கும். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

அந்த ரோட்டுக்குப் பிறகுதான் உங்களுக்குப் பிரமோஷன். என் காலேஜ், என் கல்யாணம், வானவடி வீடு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அதனால் இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம்.

தொண்ணூற்றொன்பதில் கார்வாலில் பூமி ஆடியது. அப்போது நீங்கள் இல்லை. டிவியில் சரிந்து கிடந்த மலைகளைக் காட்டினார்கள். "அப்பா இருந்த பக்கம்லா" என்றாள் அம்மா. நான் சானலை மாற்றினேன். ஏன் மாற்றினேன்?

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பெயர் கோபால் சிங். ஐம்பது வயதிருக்கும். என்னை தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். இந்த மழைக்காலத்தில் ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய், கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கியவர் குடிக்காமல் போட்டோ முன்னால் போய் நின்றுவிட்டார். "தீதி, இது எங்க ஊர் வளைவு" என்றார் ஹிந்தியில். "அந்த ரோட்டைப் போட்டது என் அப்பாதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பழக்க தோஷம்.

அவர் உங்கள் படத்தைப் பார்த்துக் கை கூப்பினார். "இந்த ரோடு வந்த பிறகுதான் எங்களுக்கு பஸ் வந்தது. என் மனைவியைக் கல்யாணம் பண்ணி இதில்தான் கூட்டி வந்தேன்" என்றார்.

பிறகு மீதியைச் சொன்னார். பூமி ஆடியபோது, கூரை விழுந்துவிடும் என்ற பயத்தில் மனைவியை ரோட்டுக்குப் போய் நிற்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் திறந்த இடம் அது ஒன்றுதான். தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்க இவர் உள்ளே ஓடினார். வீடு ஆடிவிட்டு நின்றது. மலைதான் ரோட்டின் மேல் இறங்கிவிட்டது.

"நான்தான் அனுப்பினேன், தீதி. மகளுக்கும் அது தெரியும். என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டாள்."

எல்லாம் கடவுள் சித்தம் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். மலையை நேராக வெட்டியது கடவுளா அப்பா?

மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார், ரோடு போட்டவர் மகளாம். நான் பார்க்கிங் பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தேன். வெட்கமாக இருக்கிறது அப்பா. உங்களை நினைத்து வெட்கம். பெற்ற தகப்பனை நினைத்து வெட்கப்படுகிறேனே என்று இன்னொரு வெட்கம். அந்த மனிதர் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு கேட்டில் உட்கார்ந்திருக்க, நான் வாயை மூடிக்கொண்டு மாடியில் இருந்தது எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கம்.

அம்மாவிடம் சொன்னேன். "இப்பம் போயி எதுக்கு அவன்ட்ட சொல்லுத? செத்தவுகள விட்டுருட்டி" என்றாள். எந்தச் செத்தவர்களை என்று கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் அவரிடம் சொல்லிவிட்டேன். கூட இருந்தவர் எச்சரித்தது, நீங்கள் கேட்காதது, வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தது, எல்லாம். படிப்படியாக வெட்டியிருந்தாலும் அந்த ஆட்டத்தில் மலை இறங்கியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். உங்களுக்காக என்னால் பேச முடிந்தது அவ்வளவுதான்.

"மலை சரியும் என்று சாகிப்புக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கார் ஹார்ன் அடித்தது. போய் கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். "தீபாவளிக்கு என் மகள் வருகிறாள். இதை நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பாள்" என்றார். அதற்குப் பிறகு அவர் எனக்காக எழுந்து நிற்பதில்லை.

சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், அப்பா. மலையை வெட்டியது யாரோ ஒரு இன்ஜினியர் என்று சொல்லி நழுவ மாட்டேன். 'என் அப்பா' என்றுதான் ஆரம்பிப்பேன். வெளியாட்கள் முன்னால் உங்களை ஒருநாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கிறேன். அந்தப் பெண் அவள் அப்பாவோடு பேச வேண்டும்.

வேறு யாருக்கும் மகளாக முடியாத,
உங்கள் மகள் செல்வி