இரண்டு அம்மாக்களுக்கு ஒரே இருமல்

பம்பாய்
12-7-1937

அம்மா அவர்கள் பாதத்தில் பிச்சையா கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தைத்தான் நம்ப முடியவில்லை.

தென்காசிக் கோவில் வாசலில் கடிதம் எழுதித் தரும் கோமதிநாயகம் அண்ணாச்சி, நீங்கள் சாரலில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்ததாகவும், இருமல் அடியோடு நின்றதாகவும் எழுதியிருந்தார். அதே நாளில் என் அறையில் இருக்கும் வடகரை நல்லதம்பிக்கும் அவன் அம்மாவுக்காக அண்ணாச்சி எழுதிய கடிதம் வந்தது. அதே அருவி, அதே இருமல். ஒரு எழுத்து மாறவில்லை.

"ஏலே, எங்கம்மை படுக்கைய விட்டு எந்திரிச்சே மூணு வருசமாச்சு. அவ எங்கன போயிக் குளிச்சா?" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கிலீஷில் ‘காப்பி’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினாலும் காப்பி, ஒருவன் நடையைப் பார்த்து நடந்தாலும் காப்பிதான். நான் கட்டடப் படம் வரையும் ஆபீசில், காப்பி எடுத்தவன் மூலத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணாச்சி எதனோடு ஒத்துப் பார்த்தார்? மூளையைக் கழற்றி மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டா எழுதினார்? இதை வாசித்துச் சொல்பவர் அவரேயானால், இந்த வரியைச் சத்தமாக வாசிக்கட்டும்.

இனி அவர் விலாசம் மட்டும் எழுதினால் போதும். இருமல் நின்றிருந்தால் கார்டில் ஒரு கோடு, நிற்காவிட்டால் இரண்டு கோடு, நீங்களே பென்சிலால் இழுத்து அனுப்புங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொஞ்சம் அனுப்பவும். இங்கே எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். கோடு கோணினால் பரவாயில்லை, நேராக இருந்தால்தான் நம்பமாட்டேன்.

பிச்சையா