சம்சாப் பலகையும் வால்கொழுப்பும்

மார்ச் 6, வியாழன்

"வயிறு நெறைஞ்சிருக்கறப்பவும் சாப்பாட்டுப் படத்தப் பாத்தா ஏன் டீச்சர் எச்சில் ஊறுது?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். மணியோசைக்கு எச்சில் வடித்த நாயை உதாரணம் சொன்னேன். இன்று அந்த நாய் நான்தான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இறைச்சி அடைத்துச் சுட்ட சம்சாவின் விளம்பரப் பலகை, கொழுப்பு வழிய வழிய. இரண்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. பசியை அடக்க வாரம் ஒரு ஊசி. என்னோடு நானே மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.

மார்ச் 28

நாலு ஊசி ஆயிற்று. பலகையின் ஓரத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று தெரிந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தது? மனம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன வகுப்பறை மாதிரி.

ஏப்ரல் 2

பலகையைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மகள் மெருயெர்த்துக்குப் பத்தொன்பதாம் தேதி நிச்சயம். எங்கள் வழக்கப்படி சம்பந்திகள் எங்களுக்கு ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் ஊட்டிவிட்டால்தான் சம்பந்தம் உறுதி. எனக்கோ ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து கொழுப்பு வாடையே குமட்டுகிறது. அவர்கள் முன்னால் துப்பிவிட்டால்? "ஒரு வாய்தானே, கண்ண மூடிட்டு முழுங்கேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன!

இன்று ஊசி போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

இரண்டு ஊசி விட்டாயிற்று. பலகையைப் பார்த்ததும் எச்சில் ஊறியது — சந்தோஷப்பட்டேன். என்ன பைத்தியம் நான்?

ஏப்ரல் 19

மாப்பிள்ளையின் அம்மா கூலான் கையில் தட்டோடு வந்தாள். வாயைப் பெரிதாகத் திறந்தேன். அவள் விரல் நுனியில் பட்டாணி அளவு கொழுப்பு. காதருகே குனிந்தாள். "ஊசி போடுறீங்கன்னு மருமக சொன்னா சம்பந்தி. நாக்குல பட்டாப் போதும். எங்க அக்காவும் அதே ஊசிதான், சோத்தப் பாத்தா செவுத்தப் பாக்குற மாதிரி பாக்குறா!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இதற்காகவா நிறுத்தினேன்?

பிறகு மூன்று தட்டு இறைச்சி தின்றேன். "நல்ல ஊசிதான்!" என்றார் வீட்டுக்காரர்.

மே 8, வியாழன்

கல்யாணம் ஆகஸ்டில். நிச்சயம் முடிந்தும் நான் ஊசியைத் தொடவில்லை. சர்க்கரை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. "நீங்களா நிறுத்திக்கிறதுன்னா நான் எதுக்கு?" என்றார் டாக்டர். முதல் அளவிலிருந்து மறுபடி ஊசி. பலகை இன்னும் கூப்பிடுகிறது.

அன்று வகுப்பில் கேட்டவளுக்கு இப்போது இதைத்தான் சொல்வேன்: படத்தைப் பார்த்து எச்சில் ஊறினால், கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். கூப்பிடுவது பசியா, படமா என்று தெரிந்துவிடும்.