மேகத்துக்குப் பூட்டு

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. மெயில் உண்டு. கோயம்புத்தூர் சுபத்ரா மேடத்திடமிருந்து இரண்டு. ஒன்றில் புது ஆர்டர், இன்னொன்றில் கோபம். போன மாதம் சேலைக்கு அவர் அனுப்பிய டிசைன், கிளி சோளக்கதிரைக் கொத்துகிற பார்டர், எங்கள் தறியிலிருந்து இறங்குவதற்குள் வேறொரு கடையில் தொங்கியதாம். யார் நெய்தது என்று விசாரித்தால் பக்கத்துத் தெரு ஹரிஹரசுதன். என் கூடப்பிறந்த அண்ணன்.

இந்த வீட்டுக்கு வருகிற மெயிலை எட்டு வருஷமாகத் திறந்து படிப்பது நான். என் வீட்டுக்காரர் சௌந்தருக்கு நூல் தெரியும், சாயம் தெரியும், மெயில் என்றால் தலைவலி. ஆக, விசாரணைக்கே வேலையில்லை. மெயில் என் கையில், டிசைன் அண்ணன் தறியில்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது, "உங்க அண்ணன் நல்லாத்தான் நெய்யிறாரு" என்று மட்டும் சொன்னார். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது?

ஜூன் 14, சனி

கம்ப்யூட்டர் சென்டர் மாரிசெல்வம் வந்தான். ஜெராக்ஸ், கலர் பிரின்ட், ஆதார் திருத்தம், லேமினேஷன் எல்லாம் அவன்தான். இன்றிலிருந்து எங்கள் பாதுகாப்பும் அவன்தான்.

"வர்ற மெயிலு பூராம் தானா கிளவுடுக்குப் போயிரும்ணே. போறப்பவே பூட்டிக்கிரும். இன்பாக்ஸுல தடயமே இருக்காது. பாஸ்வேர்டு இல்லாம அந்தக் கம்பெனிக்காரனே தொறக்க முடியாது."

"மறந்துட்டா?" என்று கேட்டேன்.

"மறந்துட்டா போச்சுக்கா!" அவ்வளவு பெருமை அவன் முகத்தில்.

கிளவுடு என்றால் மேகம். எங்கள் ஊரில் மேகத்தை நம்பி ஒரு பொருளைக் கொடுத்து வைக்கிறார் இவர். திருச்சுழிப் பக்கம் விதைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ராத்திரி அவர் தன் அம்மாவிடம், அதாவது என் அத்தையிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. "நம்ம வீட்டுப் பேச்சுல ஒண்ணு வச்சிருக்கேன்மா. வாயில மட்டும்தான் இருக்கு, எழுத்துல எங்கயும் கிடையாது. எவனும் கண்டுபிடிக்க முடியாது."

வாஸ்தவம். எங்களுக்கு வீட்டுக்குள் தெலுங்கு, படி இறங்கினால் தமிழ். தெலுங்கை எழுத இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் பேசியதைக்கூட நான் தமிழில்தான் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்பாக்ஸைத் திறந்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

புது டிசைன் வந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? இவர் போனை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார், அதனால் தெரியும். பூட்டைத் திறந்து, படத்தை வெளியே எடுத்து, கலர் பிரின்ட் போடுவதற்காக நேரே மாரிசெல்வத்தின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். மாரிசெல்வம் பார்க்கலாம். கடைக்கு வருகிறவன் போகிறவன் பார்க்கலாம். பொண்டாட்டி பார்க்கக் கூடாது.

அண்ணி போன் செய்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், அவள் அண்ணனிடம் சொல்வாள், அண்ணன் இங்கே வருவான். வேண்டாம்.

எட்டு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீயா குடுத்த?"ன்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கலாம்ல? கேக்க மாட்டாராம். பூட்டுவாராம். அழுதேன். ஆமா, அழுதேன், அதுக்கென்ன இப்ப.

இந்த நோட்டுக்குப் பூட்டு கிடையாது. அரிசி டின் மேலேதான் கிடக்கிறது. இதுவரை ஒருத்தரும் தொட்டதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அவருடைய போன் சாயத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எடுத்தபோது நல்ல கத்தரிப்பூ நிறம். நிறம் மட்டும்தான் நன்றாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

புது போன் பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய போன் தானே ஞாபகம் வைத்துக்கொண்டிருந்ததால் இவர் வைத்துக்கொள்ளவில்லை. வார்த்தை ஞாபகம் இருக்கிறதாம். இங்கிலீஷ் எழுத்தில் அதை எப்படி அடித்தார் என்பதுதான் மறந்துபோச்சாம். எழுத்தே இல்லாத வார்த்தைக்கு எழுத்துக்கூட்டல் எங்கே போய்த் தேடுவது?

மாரிசெல்வம் போனில், ஸ்பீக்கரில், தெருவுக்கே கேட்கும்படி: "பஸ்ஸுக்கு வர்ற பி-யாண்ணே, பூவுக்கு வர்ற பி-யா?"

இவர் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார்.

"த-வுக்குப் பின்னாடி ஹெச் போட்டீகளா? போடலையா? ரெண்டையும் பாருங்கண்ணே."

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கரைத்தேன்.

பூட்டிய மெயில் பெட்டிக்குள் ஆவணி முகூர்த்தத்துக்கான கல்யாணச் சேலை டிசைன் இருக்கிறது. இன்னும் பிரின்ட்கூட எடுக்கவில்லை. மறுபடி அனுப்பச் சொல்லவும் முடியாது. "எல்லாம் லாக்குல பத்திரமா இருக்கு மேடம்" என்று சுபத்ரா மேடத்திடம் இவர்தான் வாய் கொள்ளாமல் சொல்லி வைத்திருக்கிறார். ரொம்பப் பத்திரம்.

ஜூலை 12, சனி

காலையில் மேடம் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் மாதிரி ஒன்று நெய்து படம் அனுப்பாவிட்டால் ஆர்டர் கை மாறும், இனிமேல் எங்களுக்கு மெயிலே வராது. இவர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். இவரை நம்பி நாலு தறி ஓடுகிறது.

அத்தை லிங்கம்மாள் அதிகம் பேச மாட்டார். இன்று பேசினார். "ஊர்ல உள்ளவனையெல்லாம் கேட்டுட்ட. வீட்ல ஒருத்தி இருக்காளே, அவளக் கேளேன்டா."

"அவகிட்ட சொல்றதுக்கா பூட்டுனேன்?" என்றார். சொன்ன பிறகுதான் நான் வாசற்படியில் நிற்பதைப் பார்த்தார்.

எனக்கும் ரோஷம் இருக்கிறது. ஆனால் தறி நிற்கக் கூடாது. "வார்த்தையச் சொல்லுங்க" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புவ்வா தின்னாவா."

சோறு தின்னியா என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளைக் கேட்பது. பிள்ளைகளை மட்டுமல்ல. எங்களுக்கு நிச்சயமான பிறகு, கல்யாணம் வரைக்கும், தினமும் மத்தியானம் இவர் எனக்குப் போனில் அனுப்பியது இதுதான். இங்கிலீஷ் எழுத்தில், பிழையோடு. பஸ்ஸுக்கு வர்ற பி போட வேண்டிய இடத்தில் பூவுக்கு வர்ற பி போடுவார், சோறு பூவாகிவிடும். 'பூவு தின்னாவா' என்று வந்து நிற்கும். "பூவைத் தின்ன நான் என்ன ஆடா?" என்று பதில் போடுவேன். மறுநாளும் அதே பிழை.

என்னைப் பூட்டி வெளியே நிறுத்த இந்த மனுஷனுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா!

சிரிப்பு வந்தது. பின்னாடியே கோபமும் வந்தது. போனை வாங்கி, அந்தக் காலத்தில் அவர் அனுப்புவது மாதிரியே, ஒரு எழுத்து மாறாமல் அடித்தேன். முதல் தடவையிலேயே திறந்துகொண்டது.

"எப்படி?" என்றார்.

"உங்க தப்பு எனக்குத் தெரியும்" என்றேன்.

சாயந்திரம் பிரின்ட் எடுக்க இரண்டு பேரும் போனோம். மாரிசெல்வம் கடைச் சுவரில் 'கலர் பிரின்ட் இப்படி வரும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிளி. சோளக்கதிர். எங்கள் பார்டர். பக்கத்திலேயே ஜூன் மாதம் பூட்டி வைத்த டிசைனும் பளிச்சென்று இருந்தது.

"சும்மா சாம்பிளுக்குண்ணே. உங்க டிசைனுலதான் கலரு தூக்கிக் காட்டுது" என்றான் பாவி. கொஞ்சமும் கள்ளமில்லை. "சுதன் அண்ணன்கூட லேமினேஷன் போட வந்தப்ப, எந்த ஊரு சரக்குடா, நல்லாருக்கேன்னு போட்டோ எடுத்துட்டுப் போனாரு."

இவர் இரண்டு தாளையும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். வீட்டு வாசலில் நான்தான் பேசினேன். "அங்க போய், சந்தேகப்பட்டது தப்புன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம், அண்ணன்கிட்ட சொல்லுங்க."

ஜூலை 14, திங்கள்

மாதிரி போய்விட்டது. மேடத்துக்குப் பிடித்திருக்கிறது. மெயில் பெட்டியை மறுபடி நான்தான் பார்க்கிறேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, யாரும் பார்க்காதே என்றும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்னும் போகவில்லை. பக்கத்துத் தெரு என்னமோ ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி.

ஜூலை 20, ஞாயிறு

பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

மத்தியானம் அண்ணி கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தேன். "ரெண்டு பேரும் வாசல்ல நின்னே ரொம்ப நேரம் பேசுனாங்க. உங்க அண்ணன் ஒரு சத்தம் போட்டாரு. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. இப்ப சாப்பிட உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளைக்கு ரசம் உறைப்பா ஆகுமா?"

ஆகும் என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவள் கேட்காத மாதிரி போனை வைத்தாள்.

வைத்ததும் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து. 'பூவு தின்னாவா'. அதே பி, அதே பிழை.

எழுத்தைத் திருத்தச் சொல்லக் கை போனது. வேண்டாம். அவர் திருத்திக்கொண்டால் நாளைக்குப் பெட்டி திறக்காது.